ஒரு குடம் நெட்

எங்கள் ஊர் நகராட்சியிலிருந்து மாநகராட்சியாக உயர்ந்த இரண்டாம் வருஷம், ஆடி மாசத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, பழைய ஐஸ் கம்பெனித் தெருக் குழாயில் தண்ணீரோடு சேர்ந்து நெட்டும் வந்தது. திறந்துவிட்டவன் நான்தான். சங்கையா என்று எனக்கு ஒரு பெயர் இருந்தாலும் அதைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. வால்வுக்காரன் என்பார்கள், தண்ணீர் வராத நாளில் அதற்கு முன்னால் இரண்டு வார்த்தை சேர்த்துக்கொள்வார்கள். நெஞ்சு உயர இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் போய், குழிக்குள் விட்டுத் திருகி, ஒரு தெருவை மூடி இன்னொரு தெருவைத் திறப்பது என் வேலை. பத்தொன்பது வருஷமாகத் தற்காலிகப் பணியாளன்.

நகரம் முழுவதும் இலவச வைஃபை என்று அதற்கு முந்தின வருஷமே மேடை போட்டு, பொத்தானை அமுக்கி, கேசரியும் கொடுத்திருந்தார்கள். கம்பத்துக்குக் கம்பம் வெள்ளைப் பெட்டி மாட்டினார்கள், பெட்டியில் மைனா குஞ்சு பொரித்தது, குஞ்சு பறந்தும் போயிற்று, நெட் மட்டும் வரவில்லை. பிறகு கேபிள் போடுகிறோம் என்று ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தோண்டினார்கள். தோண்டியவர்கள் வழக்கம்போல மெயின் தண்ணீர்க் குழாயை உடைத்தார்கள். உடைத்த கையோடு கேபிளையும் அறுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். திட்டு வாங்கப் போகிறவன் நான் என்பதால் நானே குழியில் இறங்கி, சைக்கிள் டியூபைக் கிழித்து, குழாயையும் கேபிளையும் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டிவிட்டு மேலே ஏறினேன். ஏன் சேர்த்துக் கட்டினேன் என்றால், என்னிடம் ஒரு டியூப்தான் இருந்தது.

முதல் குடம் பிடித்தவள் வசந்தா. குழாயடியை யாரும் கேட்காமலேயே நிர்வாகம் செய்கிறவள் அவள். குடத்தைக் கொண்டுபோய் அடுப்படியில் இறக்கியதும், பதினொரு நாளாக ரீசார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்த அவள் போனில் நானூற்றுப் பன்னிரண்டு செய்திகள் மணியடித்துக்கொண்டு வந்து விழுந்தன. அவள் எல்லாவற்றையும் படித்து, வேண்டியதற்குப் பதிலும் போட்டுவிட்டு, நிதானமாக வாசலுக்கு வந்து, "எக்கா, தண்ணியில நெட்டு வருது, சிந்தாமப் பிடிங்க" என்று தெருவுக்குச் சொன்னாள். தெரு பதிலுக்கு, "தண்ணி கலங்கலா வருதா, தெளிஞ்சு வருதா?" என்று கேட்டது. அவ்வளவுதான் எங்கள் தெரு பட்ட ஆச்சரியம்.

ஒரே வாரத்தில் ஊருக்கு அந்த நெட்டின் குணம் எல்லாம் பிடிபட்டுவிட்டது: பிளாஸ்டிக் குடத்தில் தாராளமாக வரும், எவர்சில்வர் குடத்தில் அடைத்துக்கொள்ளும், மூடி போட்டால் பக்கத்து வீட்டுக்காரன் திருட முடியாது, காய்ச்சினால் ஆவியாகப் போய்விடும், ஃபிரிட்ஜில் வைத்தால் வேகம் குறையும், அதில் ரசம் வைத்துச் சாப்பிட்டால் சாப்பிட்டவன் சட்டைப் பையில் இருக்கிற போனுக்குச் சாயங்காலம் வரை தாங்கும். கல்யாண வீட்டுக்காரர்கள் இரண்டு டிரம் எங்களுக்குத் தனியாக விட்டுக்கொடு என்று வெற்றிலை பாக்கு வைத்தார்கள். மோட்டார் வைத்துத் தண்ணீர் உறிஞ்சுகிறவர்கள் நெட்டையும் உறிஞ்சினார்கள். அவர்கள் வீட்டில் படம் ஓடுகிற நேரம் தெருக்கோடி வீட்டில் பாட்டு திக்கிப் பாடும், உடனே கோடி வீட்டுக்காரர்கள் என் சட்டையைப் பிடிப்பார்கள். வெள்ளிக்கிழமை குழாய்க்கு மஞ்சள் பூசினார்கள். கவுன்சிலர் தன் படத்தை ஒட்டினார். ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு மணி நேரம், வீட்டுக்கு மூன்று குடம் என்று தண்ணீருக்கு இருந்த சட்டம் நெட்டுக்கும் ஆயிற்று.

எல்லோரும் அதில் படம் பார்த்தார்கள். என் தங்கச்சி சிந்தாமணி பேசினாள்.

சிந்தாமணிக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. அவள் புருஷன் இருளப்பனுக்கும் கேட்காது. எனக்கு அடுத்த வீட்டில் இருந்துகொண்டு அவள் ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைக்கிறாள். மாப்பிள்ளை ஓசூரில் ஒரு பம்பு கம்பெனியில் பெட்டி கட்டுகிறார். இருவரும் பள்ளிக்கூடம் போனவர்கள்தான், ஆனால் அங்கே வாத்தியார் கரும்பலகையைப் பார்த்துத் திரும்பி நின்று பாடம் நடத்தியதால், தங்கள் பெயரை எழுதுவதோடு படிப்பு நின்றுபோயிற்று. அவர்களுக்கு எழுத்து பாஷை இல்லை, பேச்சு பாஷை இல்லை, கைதான் பாஷை, அந்தக் கை தெரிய வேண்டுமானால் வீடியோ வேண்டும், வீடியோவுக்கு நெட் வேண்டும். மாப்பிள்ளை பக்கம் கம்பெனி கேன்டீனில் வைஃபை உண்டு. குறை எல்லாம் எங்கள் பக்கம். ரீசார்ஜ் கடைக்குப் போனால், இந்தியா முழுக்க எந்த ஊருக்கும் எவ்வளவு நேரமும் பேசிக்கொள்ளலாம், பேச்சு இலவசம், நெட்டுக்குத்தான் காசு என்பான். காது கேட்காதவளின் தலையில் இலவசப் பேச்சைக் கட்டி, அதற்கும் சேர்த்து வாங்கிக்கொண்டிருந்தான். அவளால் மாசத்தில் ஒரு வாரத்துக்கு நெட் போட முடியும். மீதி மூன்று வாரம் இரண்டு பேர் கையும் சும்மா கிடக்கும்.

குடத்து நெட் வந்தபிறகு தினமும் பன்னிரண்டரை மணிக்கு, அவருக்குச் சாப்பாட்டு நேரம், இவள் குடத்தில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு எதிரே உட்காருவாள். ஒரு குடம் நாற்பது நிமிஷம் தாங்கும். எனக்கு இடையில் ஒரு சுவர்தான். வளையல் சத்தத்தை வைத்தே அங்கே நடப்பது சண்டையா கொஞ்சலா என்று நான் சொல்லிவிடுவேன், பெரும்பாலும் சண்டைதான். ஆறு வருஷத்துக் கல்யாணத்தில் சேர்த்துவைத்த சண்டை எல்லாவற்றையும் அந்த ஆவணி மாசத்தில் போட்டு முடித்தார்கள். முடித்தபிறகு அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அப்படி ஒரு தெளிவு. எனக்கு என் வேலையின் மேல் முதல் முறையாக ஒரு மரியாதை வந்தது.

இந்த நேரத்தில்தான் போன் கம்பெனிக்காரர்கள் குடையோடு வந்தார்கள். இரண்டு கம்பெனி, இரண்டு நிறக் குடை, ரோட்டோரம் ஸ்டூல் போட்டு சிம் விற்கிற பையன்கள். முந்நூறு ரூபாய் பேக்கை ஆவணியில் நூற்றைம்பதாக்கினார்கள். ஜனம் திரும்பிப் பார்க்கவில்லை. புரட்டாசியில் ஐம்பதாக்கினார்கள், அப்போதும் குழாயடியில் கூட்டம் குறையவில்லை. ஐப்பசியில் ஒன்பது ரூபாய் என்று எழுதி, சிம் வாங்கினால் ஒரு குடம் இலவசம் என்று குடையில் குடத்தையே கட்டித் தொங்கவிட்டார்கள். அங்கேதான் எங்கள் ஊர் விழுந்தது. நெட்டுக்காக விழவில்லை, குடத்துக்காக விழுந்தது.

ஒருநாள் பார்த்தால், எனக்காக முக்கால் மணி நேரம் முன்னாலேயே வாசலில் நின்று ஏசுகிற வசந்தா, கட்டிலில் படுத்துக்கொண்டு நாடகம் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"ஏம்மா வசந்தா, குழாயடிக்கு வரலையா?"

"ஒம்போது ரூவாய்க்கு வீட்டுக்குள்ளயே வருதுண்ணே. இடுப்பொடிய எதுக்குத் தூக்கிச் சொமக்கணும்? தண்ணிக்குக் கேன் போட்டுட்டோம்."

"இந்தக் குழாய் வர்றதாலதாம்மா அவன் ஒம்போது ரூவாய்க்குக் குடுக்கிறான். இது நின்னா அவன் என்ன வெலை சொல்வான்னு நெனச்சுப் பாரு."

"அதான் வருதுல்ல, வரட்டும். யாரு வேண்டாம்னா?"

எல்லா வீட்டிலும் இதே பதில்தான், ஆளுக்கு ஒரு குரலில். குழாய் இருக்கட்டும், ஆனால் அடுத்தவன் போய்ப் பிடிக்கட்டும். எனக்கு எரிச்சல் மண்டையில் ஏறியது. பத்தொன்பது வருஷம் தண்ணீர் வரவில்லை என்று என்னைத் திட்டிய ஜனம், இப்போது வருகிற ஒன்றைப் பிடிக்க ஆள் இல்லாமல் என்னைப் புலம்பவிட்டது.

கார்த்திகையில் மாநகராட்சியிலிருந்து உத்தரவு வந்தது. குழாய் நெட்டை ஜனங்கள் பயன்படுத்துகிறார்களா என்று உதவிப் பொறியாளர் நேரில் வந்து பார்ப்பார், மாதிரிக்கு ஒரு தெரு, அது பழைய ஐஸ் கம்பெனித் தெரு, நாற்பது குடத்துக்குக் குறைந்தால் ஊர் முழுக்கவே இணைப்பை எடுத்துவிடலாம். நான் வேலையைப் போட்டுவிட்டு வீடுவீடாக ஏறி இறங்கினேன். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஒரே ஒரு நாள், ஆளுக்கு ஒரு குடம், உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன் என்றேன். ஒருத்தர்கூட மறுக்கவில்லை. கண்டிப்பாக வைத்துவிடுகிறோம் என்றார்கள். சொன்னபடி வைக்கவும் செய்தார்கள், அதை நான் மறைக்கக் கூடாது.

எங்கள் தெருவில் வரிசை என்றால் ஆள் நிற்பதில்லை. ஆளுக்குப் பதிலாக ஒரு பொருள் நிற்கும். அடி ஓட்டையான குடம், கைப்பிடி போன வாளி, சாக்பீஸால் பெயர் எழுதின கல், ஒற்றைச் செருப்பு. விடிகாலையில் அதை வைத்துவிட்டுப் போனால் அந்த இடம் அவருடையது. கல்லைத் தாண்டிப் போகிறவன் ஆளைத் தாண்டிப் போகிறவன், அவனோடு அந்தத் தெரு ஒரு வருஷம் பேசாது. இந்தச் சட்டம் தெருவின் ரத்தத்தில் ஊறிக் கிடந்தது. வியாழக்கிழமை விடிந்தபோது நாற்பத்தாறு பொருள்கள் அழகாக வரிசையில் நின்றன. வைத்தவர்கள் எல்லோரும் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியோடு உள்ளே போய் ஒன்பது ரூபாய் நெட்டில் உட்கார்ந்தார்கள்.

பொறியாளர் வந்தார். வரிசையைப் பார்த்தார். "எங்கய்யா ஆளு?" என்றார்.

"வந்துருவாங்க சார். இதுதான் சார் ஆளு."

"சரி, திறங்க. பிடிக்கட்டும், பார்ப்போம்."

திறந்தேன். முதல் இடத்தில் வசந்தாவின் ஓட்டைக் குடம் இருந்தது. தண்ணீர் மேலே விழுந்து கீழே போயிற்று, கல்லை நனைத்துக்கொண்டு, செருப்பைத் தள்ளிக்கொண்டு, ஊருக்கான நெட் மொத்தமும் சாக்கடையில் இறங்கியது. சாக்கடை ஓரம் பீடி குடித்துக்கொண்டிருந்த ஒருத்தர் கையில் மட்டும் படம் தடையில்லாமல் ஓடியது. நான் பெயர் சொல்லிக் கத்தினேன். ஜன்னலில் இரண்டு முகம் எட்டிப் பார்த்து, கல் இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டு மறைந்தன.

முப்பத்தோராவது இடத்தில் சிந்தாமணி நின்றாள். அந்த வரிசையில் அவள் ஒருத்திதான் ஆள், அவள் கையில் இருந்ததுதான் ஓட்டையில்லாத குடம்.

"சார், அந்தா பாருங்க, ஒரு பொம்பளை நிக்குது."

"அவங்க ஏன் பிடிக்கலை?"

"முறை வரலை சார்."

"முன்னாடி யாருமே இல்லையேய்யா."

"கல்லு இருக்கே சார்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. நான் சிந்தாமணியைப் பார்த்து, வா, எல்லாவற்றையும் தாண்டி வா என்று இரண்டு கையையும் வீசினேன். அவள் முன்னால் இருந்த முப்பது பொருளையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள், தாண்ட மாட்டாமல் நின்றாள். நாளைக்கும் அந்தத் தெருவில்தானே அவள் இருக்க வேண்டும். ஒரு மணி நேரம் முடிந்தது. பயனாளிகள் எண்ணிக்கை என்ற இடத்தில் பொறியாளர் 'இல்லை' என்று எழுதினார். குழியில் இறங்கி அந்த டியூபை அவிழ்க்கச் சொன்னார். கட்டிய கையாலேயே அவிழ்த்தேன்.

மார்கழி பிறந்தபோது குடைகள் மடங்கின. ஒன்பது ரூபாய் தொண்ணூற்றொன்பதாயிற்று, தையில் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது, மாசியில் ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது. அதைக் கொடுத்தாலும் ஊர் முழுக்க ஒரே டவரில் போய் விழுந்ததால் போனில் படம் வராது, வட்டம் சுற்றும். அப்போதுதான் எங்கள் தெருவுக்கு ரோஷம் வந்தது. "வால்வுக்காரண்ணே, இதைக் கேக்க ஆளில்லையா?" என்று வசந்தா மனு எழுதிக்கொண்டு வந்தாள், ஒரு செவ்வாய்க்கிழமை தெரு மொத்தமும் ஓட்டையில்லாத குடத்தோடு, கல் இல்லாமல், செருப்பு இல்லாமல், ஆளே ஆளாக வரிசையில் நின்றது. வெயிலில் நாற்பத்தாறு பேர். எனக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது, இரண்டில் எது முந்தியது என்று தெரியவில்லை. திறந்துவிட்டேன். குளோரின் வாசத்தோடு நல்ல தண்ணீர் வந்தது. தண்ணீர் மட்டும் வந்தது.

சிந்தாமணிக்கு ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதுக்கு நான்தான் போட்டுவிட்டேன். பன்னிரண்டரை மணிக்கு அவள் போனைப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடியில் நிற்பாள். நாற்பது நிமிஷத்தில் ஐந்து நிமிஷம் அவர் முகம் வரும், அதுவும் துண்டு துண்டாக. கையைத் தூக்கினது தெரியும், என்ன சொன்னார் என்பது தெரியாது. பாதி வார்த்தையில் நிற்கிற கையைப் பார்த்துக்கொண்டு அவளும் நிற்பாள்.

மாசிக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, பன்னிரண்டரைக்கு நானும் மாடியில் இருந்தேன், மாடித் தொட்டியைப் பார்க்க ஏறியவன். அன்றைக்கு அதிசயமாக முதல் இரண்டு நிமிஷம் படம் நன்றாக வந்தது. மாப்பிள்ளை அவசர அவசரமாகக் கையை ஆட்டினார்: கம்பெனி குஜராத்தில் புதுசாகத் திறக்கிறது, இரண்டு வருஷத்துக்கு ஆள் அனுப்புகிறார்கள், முதல் வருஷம் லீவு கிடையாது, தன் பெயரும் இருக்கிறது, சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் மேனேஜர் பதில் கேட்பார்.

"நீ என்ன சொல்லப்போறே?" என்று அவள் கையால் கேட்டாள்.

அவர் கை நெஞ்சு வரைக்கும் எழுந்தது. அப்படியே நின்றது. அதன்மேல் வட்டம் சுற்றியது.

அவள் போனை உதறினாள். மாடியின் நாலு மூலைக்கும் ஓடினாள், தொட்டிமேல் ஏறி நின்று போனை வானத்துக்குக் காட்டினாள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. என் கையில் போன் இருக்கிறது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம், இலவசம். இத்தனை நாள் இது தோன்றாமல் போயிற்றே என்று என்னை நானே நொந்துகொண்டு, அவசரத்துக்கு என்று மாப்பிள்ளை கொடுத்திருந்த மேனேஜர் நம்பரைப் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். குரல் அத்தனை துல்லியம், பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி.

"சார், இருளப்பனோட மச்சினன் பேசுறேன். குஜராத் போறதுக்கு அவருக்குச் சம்மதமான்னு ஒரு வார்த்தை அவர்கிட்டயே கேட்டுச் சொல்லுங்க சார். வீட்டுல தவிக்கிறாங்க."

"இருங்க, எதிர்க்கத்தான் இருக்காருங்க." அவர் வாயை அந்தப் பக்கம் திருப்பிச் சத்தமாகக் கேட்பது எனக்குக் கேட்டது. "ஏப்பா, குஜராத் போறியா? போறேல்ல?" பிறகு என்னிடம் சொன்னார்: "தலையாட்டுறாருங்க. சிரிச்சுட்டே தலையாட்டுறாரு."

நன்றி சொல்லி வைத்தேன். எனக்கு ஒரு காரியத்தை முடித்துக்கொடுத்த பெருமை. சிந்தாமணியைத் தோளில் தட்டித் திருப்பி, "சம்மதமாம், சிரிச்சிக்கிட்டே தலையாட்டினாராம்" என்று கையால் சொன்னேன்.

அவள் தொட்டியை விட்டு இறங்கினாள். போனைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்தாள். எனக்குப் புரிய வேண்டும் என்று மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்:

"காது கேக்கிறவங்க வாயசைச்சா நாங்க தலையாட்டிருவோம். புரிஞ்சாலும் ஆட்டுவோம், புரியாட்டியும் ஆட்டுவோம். இல்லாட்டி கோவிச்சிக்குவீங்க. அவருக்கு 'மாட்டேன்'னு சொல்லணும்னா என்கிட்டதான் சொல்வாரு. நான் அவர்கிட்டதான் சொல்வேன். உங்ககிட்ட நான் சொல்லியிருக்கேனா? ஒரு நாளாவது?"

முப்பத்தைந்து வருஷமாக என் தங்கச்சி. எனக்கு ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. மறுபடியும் அந்த நம்பரைப் போட்டேன், மறுபடியும் முதல் மணியிலேயே எடுத்தார்.

"சார், அது சம்மதம் இல்லை சார். அவருக்கு நீங்க கேட்டது புரிஞ்சிருக்காது சார். தயவு செஞ்சு..."

"அட, கையெழுத்துப் போட்டாச்சுங்க, பேப்பர் ஆபீசுக்குப் போயிருச்சு. நீங்க எதுக்குப் பதட்டப்படுறீங்க?" என்று அவர் சிரித்தார். "தங்கமான மனுசனுங்க உங்க மாப்பிள்ளை. இத்தனை வருசத்துல எதுக்குமே மாட்டேன்னு அவரு ஒரு தடவை சொன்னதில்லைங்க."